புதுவண்டியும் பழுதும்

நம் நாட்டில் ஒருவர் புதிய மோட்டார் வண்டி வாங்குவாராயின், அதனைக் கடைவாயிலினின்று வெளியே செலுத்துமுன் நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை அவற்றின்மேல் உருட்டுதல் பெருவழக்கு. கண்ணேறு கழியும் என்பது கருத்து. அமெரிக்க நாட்டினரோ, வாங்கிய நாள் முதலாக ஓயாது பழுதுபடும் வண்டியையே ‘எலுமிச்சம்பழம்’ என்று வழங்குவர். அத்தகைய வண்டியை வாங்கி இடர்ப்பட்டோரைக் காக்கும் பொருட்டு அங்கே ஏற்பட்ட சட்டங்களுக்கும் எலுமிச்சைச் சட்டம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாம் பழத்தை நசுக்குகின்றோம். அவர்கள் பழத்தைத் திருப்பிக் கொடுக்கின்றார்கள். இதனைச் சொல்லி நண்பர்களை நகைப்பித்ததுண்டு. ஆயினும் எங்கள் குடும்பத்தில் இப்பேச்சைக் கேட்டுச் சிரிப்பார் இப்பொழுது ஒருவரும் இல்லை.

எங்கள் பெரியப்பா ஆரம்பப் பாடசாலையொன்றில் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளுக்கு மேற்பட்ட ஊர்தியை அவர் ஒருநாளும் விரும்பியவரல்லர். பெரியம்மாவுக்குச் சிறுநீரகங்கள் தொழில் குன்றி, வாரத்தில் இருமுறை நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய நிலை வந்தது. அப்போது, சேமநிதியில் எஞ்சியிருந்த பணத்தோடு வங்கிக் கடனையும் சேர்த்து, 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எட்டு இலட்சத்துச் சொச்சம் ரூபாய்க்குச் சிறியதொரு கார் வாங்கினார். மூன்றாண்டுகள் அல்லது ஓரிலட்சம் கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகின்றதோ அதுவரை வாரண்டி உண்டென்று அச்சிட்ட புத்தகமொன்றும் உடன் கிடைத்தது. அப்புத்தகத்தை அவர் பாடநூல்போல் அட்டை போட்டு வைத்தார். செய்த கம்பெனியின் பெயரும், விற்ற ஏஜெண்டின் பெயரும் ஈண்டு வேண்டா, வழக்கு நடந்துகொண்டிருக்கின்றது.

ஆறாவது வாரத்தில் வண்டி முதன்முறை நின்றது. சூடேறிய பின்னர், ஓடிக்கொண்டிருக்கையிலேயே எஞ்சின் ஓய்ந்துவிட்டது. அரைமணி நேரம் ஆறவிட்டபின், தனக்கு ஒன்றும் தெரியாதென்பதுபோல் மீண்டும் புறப்பட்டது. பட்டறைக்குக் கொண்டு சென்றார். “சார், ஸ்கேனரில் எதுவும் காட்டவில்லை” என்று சொல்லி, வண்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் மீண்டும் நின்றது. எரிபொருள் பம்பை மாற்றினார்கள். அதன்பின் ஐந்து வாரம் ஒழுங்காய் ஓடி, ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில், பனைகள் வரிசையாய் நிற்கும் புறவழிச் சாலையில், பின்னால் மணல் லாரி வந்துகொண்டிருக்க, மீண்டும் நின்றது. லாரிக்காரர் ஒதுக்கிச் சென்றார். பெரியம்மா அன்று மூன்று மணிநேரம் தாமதித்து மருத்துவமனையை அடைந்தார். அவருக்குரிய படுக்கை வேறொரு நோயாளிக்குப் போய்விட்டபடியால் இரவு பத்து மணிவரை காத்திருக்க நேர்ந்தது. டயாலிசிஸ் ஒருநாள் தள்ளினால் என்னாகும் என்பதை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முடிய வண்டி ஒன்பது முறை பட்டறைக்குப் போயிற்று. அங்கே அது தங்கிய நாட்கள் மொத்தம் அறுபத்தேழு. ஆசிரியராயிருந்தவராதலின், பெரியப்பா ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், நின்ற இடம், பட்டறையார் சொன்ன மறுமொழி ஆகிய அனைத்தையும் வரவு செலவுக் கணக்கெழுதும் நீள நோட்டில் பதிந்து வைத்திருக்கின்றார். விடுமுறையில் அதனைப் படித்தபோதுதான் இக்கட்டுரை எழுதும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று. அந்நோட்டில் ஓரிடத்தில், “இன்று எஞ்சின் நிற்கவில்லை, ஆயினும் நிற்குமோ என்று போகும்போதும் வரும்போதும் அஞ்சினோம்” என்று காணப்படுகின்றது. பட்டறைப் பதிவில் அந்நாள் பழுதற்ற நாள்.

தோன்றி மறையும் பழுதின் இயல்பைச் சிறிது சொல்லவேண்டும். என் அறைத்தோழனின் தமையனார் மெக்கானிக் தொழில் அறிந்தவர். அவர் கூறியதாவது: எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு எந்நிலையில் இருக்கின்றதென்பதைக் கவனித்து, வண்டியின் கணிப்பொறிக்கு உணர்த்தும் சென்சார் ஒன்று உண்டு. அதனுள்ளிருக்கும் நுண்கம்பிச் சுற்றில் மயிரிழை போன்ற வெடிப்பிருப்பின், சூட்டில் அது விரிந்து தொடர்பறும். கணிப்பொறி எஞ்சினின் நிலை அறியாது எரிபொருளை நிறுத்திவிடும். ஆறியபின் கம்பி மீண்டும் சேரும். எல்லாம் செவ்வனே நடக்கும். கம்பிக்கட்டு எங்கேனும் உராய்ந்து தேய்ந்திருப்பினும் இவ்வாறே நேரும். வண்டி ஆறிய பின்னரே பட்டறைக்கு வருதலின், அங்கே அது நோயற்ற வண்டியாகவே காட்சியளிக்கும். அவர் எங்கள் வண்டியை நேரிற் கண்டவரல்லர். ஆகலின் இதுவே காரணமென்று யான் சாதிக்கவில்லை. தோன்றி மறையும் பழுதை, அது மறைந்திருக்கும் வேளையில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு, பழுதே இல்லையென்று எழுதிக் கொடுத்தல் முறையன்று என்பதே யான் சொல்லவந்தது. வாரத்திற்கொருமுறை வரும் முறைக்காய்ச்சலை, வராத நாளில் நாடி பார்த்து இல்லையென்னும் மருத்துவரை நாம் ஏற்போமா?

நிற்க. ‘வாரண்டி’ என்னும் சொல்லை ஆராய்தல் தமிழ் மாணவனாகிய எனக்கு இயல்பான வேலை. நம்மிற் பலர் அதனைப் பெரியதொரு வாக்குறுதியென்றே எண்ணியிருக்கின்றோம். சட்டத்தில் அஃது அவ்வளவு பெரிய சொல்லன்று. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் விற்போன் தரும் வாக்கை இருவகையாகப் பிரிக்கின்றது. ஒன்று நிபந்தனை, அது பிழைபட்டால் வாங்கியோன் பேரத்தையே முறித்துப் பொருளைத் திருப்பிவிடலாம். மற்றொன்று வாரண்டி, அது பிழைபட்டால் இழப்பீடு கேட்கலாமேயன்றிப் பொருளைத் திருப்ப இயலாது. அச்சட்டத்தின்படி, பொருளை ஏற்றுக்கொண்டு விட்டவனுக்குப் பெரும்பாலும் முதல்வகை உரிமையும் இரண்டாம் வகையாகச் சுருங்கிவிடும். கடையில் நமக்குப் பெருமையுடன் வழங்கப்படுவது இச்சிறிய சொல்லே. அட்டையைத் திறந்து உள்ளே படித்தால், ‘எமது கடமை பழுதுற்ற உறுப்பைச் செப்பனிடுதல் அல்லது மாற்றுதல் மட்டுமே’ என்னும் கருத்துடைய வாக்கியம் சிறிய எழுத்தில் காணப்படும். உறுப்புக்குத்தான் வாக்குறுதி, வண்டிக்கு அன்று. உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே மூன்றாண்டுகளைக் கழித்துவிட்டால் வாக்கு நிறைவேறியதாகவே கணக்கு.

அச்சட்டத்தோடு நம் நாடு நின்றுவிடவில்லை. 1986-ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதற்கு மாற்றாக 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் இயற்றப்பெற்று, 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கின்றது. இப்புதிய சட்டத்தில் குறைபாடு என்பதற்குக் கூறப்பட்ட இலக்கணம் மிகவும் விரிந்தது. ஒரு பொருளின் தரத்திலோ, அளவிலோ, ஆற்றலிலோ, தூய்மையிலோ, சட்டப்படியேனும் ஒப்பந்தப்படியேனும் இருக்கவேண்டிய நிலையினின்று எவ்விதக் குறை நேரினும் அது குறைபாடே. அக்குறை நிரூபிக்கப்பட்டால் ஆணையம் என்ன செய்யலாம்? பழுதை நீக்குமாறு கட்டளையிடலாம், புதிய பொருளை மாற்றாகத் தரச் சொல்லலாம், விலையை வட்டியுடன் திருப்பச் சொல்லலாம், இழப்பீடும் விதிக்கலாம். இவை ஒன்றன்பின் ஒன்றாக ஏறவேண்டிய படிகள் என்று சட்டம் கூறவில்லை. ஒன்றையோ பலவற்றையோ கட்டளையிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

ஆயினும் நடைமுறையில் ‘உற்பத்திக் குறைபாடு’ என்றொரு சொற்றொடர் நடுவே வந்து நிற்கின்றது. வண்டியையே மாற்றித் தரவேண்டுமாயின், பழுது செய்யப்பட்ட இடத்திலேயே, செப்பனிட இயலாதவாறு பிறந்த பழுதென்று வாங்கியோன் காட்டவேண்டும் எனப் பல தீர்ப்புகள் கேட்கின்றன. 2006-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், வாரண்டிப் புத்தகத்தில் உறுப்பை மாற்றுவதாகவே வாக்களிக்கப்பட்டிருத்தலின் முழு வண்டியையும் மாற்றுமாறு கட்டளையிட்டது பொருந்தாதென்று கூறிற்று. 2010-ஆம் ஆண்டில் வேறொரு வழக்கில் அந்நீதிமன்றமே, சார்பற்ற தொழில் நிபுணர் ஒருவர் வண்டியை ஆராய்ந்து பிறவிப்பழுது உளதென்று காண்பாராயின், விலையையும் அதன்மேற் செலுத்திய வாழ்நாள் வரியையும் வட்டியுடன் திருப்பவேண்டுமென்று தீர்ப்பளித்தது. ஆகவே கதவு அடைபடவில்லை. திறவுகோல் நிபுணர் கையில் இருக்கின்றது.

அந்நிபுணர் யார்? எங்கிருந்து வருவார்? அவருக்குரிய கட்டணத்தைக் கட்டுமாறு முறையிட்டவனையே ஆணையம் கேட்கலாமென்பது சட்டம். வண்டியின் வரைபடங்களும், கணிப்பொறியின் உள்ளமைப்பும், அதே மாதிரி வண்டிகள் பிற ஊர்களில் எத்தனை முறை நின்றன என்னும் கணக்கும் கம்பெனியாரிடமே உள்ளன. அறிவெல்லாம் ஒரு பக்கத்தில் இருக்க, மெய்ப்பிக்கும் சுமை மற்றப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எரிபொருள் பம்புக்கும் கம்பிக்கட்டுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து ஆணையத்தின்முன் நிறுவவேண்டுமாம். (அவர் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குக் கற்பித்தவர்.) இச்சுமை நீதியன்று என்பதற்கு உச்சநீதிமன்றத்தின் வாய்மொழியே எனக்குத் துணை. 2017-ஆம் ஆண்டில் நேர்ந்த விபத்தொன்றில் ஒரு காரின் காற்றுப்பைகள் விரியவில்லை. மோதிய வேகம் போதாமையே காரணமென்று செய்தவர்கள் வாதித்தனர். 2022 ஏப்ரலில் அவ்வழக்கை முடித்த நீதிபதிகள், வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுச் சொல்லும் பௌதிக நிபுணனாக வண்டி வாங்கியவன் இருக்கவேண்டியதில்லை என்னும் கருத்தை எழுதி, வண்டியை மாற்றித் தரவும் இழப்பீடு கொடுக்கவும் இடப்பட்ட கட்டளையை நிலைநிறுத்தினர். காற்றுப்பைக்கு ஒப்பிய இந்நியாயம் நடுச்சாலையில் நிற்கும் எஞ்சினுக்கு ஏன் ஒவ்வாது?

பிற நாட்டார் இச்சிக்கலை அறுத்த வழி எளிமையானது. பழுதின் காரணத்தைத் தேடுவதை விட்டு, அவர்கள் பழுதின் எண்ணிக்கையை எண்ணத் தொடங்கினர். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982-ஆம் ஆண்டில் முதன்முதல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. ஒரே பழுதுக்காக நான்கு முறை பட்டறைக்குச் சென்றும் அது தீராவிடினும், அல்லது பழுதுகளின் பொருட்டு வண்டி மொத்தம் முப்பது நாட்கள் பயன்படாது கிடப்பினும், செப்பனிடுதற்கு வேண்டிய அளவு வாய்ப்புக் கொடுத்தாயிற்று என்று சட்டமே கொள்ளும். அதற்குமேல் வண்டியை மாற்றுதலோ விலையைத் திருப்புதலோ கம்பெனியார் கடன். சிறிது காலத்துக்குள் ஏனைய மாநிலங்களும் அவ்வழியே சென்றன. பிரிட்டனில் 2015 அக்டோபர் முதல் நடைபெறும் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, முதல் முப்பது நாட்களுக்குள் பழுது கண்டால் வண்டியைத் திருப்பி முழு விலையையும் பெறலாம். அதன்பின் செப்பனிடுதற்கு ஒருமுறை வாய்ப்பு. அவ்வொருமுறையும் தவறினால் மீண்டும் திருப்பும் உரிமை பிறக்கும். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் பழுது, விற்ற நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுதல் விற்றவன் பொறுப்பு. தமிழும் ஆட்சிமொழியாயுள்ள சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் இவ்வாறு மாதம் ஆறுக்குள் தோன்றும் பழுதின் சுமையை விற்றவன்மேல் ஏற்றும் சட்டம் இருக்கின்றது. கடல் கடந்த தமிழர் வாங்கும் காருக்கு உள்ள காப்பு, இங்குள்ள தமிழர் வாங்கும் காருக்கு இல்லை.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-ல் செய்த திருத்தத்தால், பழுதுற்ற ஒருவகை வண்டிகளையெல்லாம் திரும்ப அழைக்குமாறு கம்பெனியாரைக் கட்டளையிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டாகியிருப்பது உண்மை. நல்ல ஏற்பாடே. ஆனால் அது பலர் முறையிட்ட பின்னர் பலருக்காக எழும் பரிகாரம். ஊர்க்கோடியில் ஒருவர் வாசலில் நிற்கும் ஒற்றை வண்டிக்கு அது எட்டாது.

கம்பெனியார் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் வேண்டும். பட்டினப்பாலை பாடிய புலவர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைமையை நுகத்தடியின் நடுவாணிக்கு ஒப்பிட்டார். வண்டியின் ஆணியையே உவமையாக்கிய அவ்வழகை வகுப்பில் வியந்தோம். வாங்குவோனும் அந்நடுவில் நிற்கவேண்டுமென்பதை அங்கே யாரும் பேசவில்லை. ஒரு காரில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் இருக்கின்றன. கதவு கிறீச்சிடுவதற்கெல்லாம் வண்டியைத் திருப்பலாமென்றால் வாணிகம் நடவாது. அச்சேதத்தை ஏனைய வாங்குவோர் தலையிலேயே விலையாக ஏற்றுவர். வெளிப்பட்டறையிற் கொடுத்துக் கம்பிகளை வெட்டி ஒட்டியவர்களும், வெள்ளத்திற் செலுத்தியவர்களும், பின்னர் வந்து கம்பெனியைக் குறை கூறுவதுண்டு. எலியும் ஒரு காரணம். நம்மூர் எலிகள் காரின் கம்பிகளைக் கடித்துத் தின்னும் என்பது வண்டி வைத்திருப்போர் அனைவரும் அறிந்ததே. எங்கள் பெரியப்பாவிடமும் ஏழாம் முறையில் எலியே காரணமென்று சொன்னார்கள். கடித்த இடத்தைக் காட்டுங்களென்று கேட்டார். எட்டாம் முறையில் எலியைப்பற்றிய பேச்சு எழவில்லை.

ஆகலின் யான் வேண்டுவது கண்மூடித்தனமான உரிமையன்று. வண்டியை ஓட்டுதற்கோ உயிர்க்காப்புக்கோ இன்றியமையாத ஒரே பழுது, வாரண்டிக் காலத்துள், குறித்த முறைகள் செப்பனிட்டும் திரும்புமாயின், அத்திரும்புதலையே குறைபாட்டின் சான்றாகச் சட்டம் கொள்ளவேண்டும். எத்தனை முறை என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. நான்கென்றாலும் சரி, மூன்றென்றாலும் சரி. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் போன்ற உயிர்நிலைகளில் இரண்டுக்கு மேற் பொறுத்தல் ஆகாது. அந்த எல்லை கடந்தபின், வாங்கியோனின் தவறே காரணமென்று கம்பெனியார் காட்டட்டும். எலியாயின் எலியைக் காட்டட்டும். ஓடிய கிலோமீட்டருக்குத் தக்கபடி விலையிற் சிறிது கழித்துக்கொள்வதும் நியாயமே. பெரியப்பாவும் அதற்கு உடன்படுகின்றார். இப்பொழுதுள்ள சட்டத்தின் விரிந்த சொற்களுக்குள்ளேயே ஆணையங்கள் இவ்வாறு தீர்ப்பளிக்க இடமிருக்கின்றது. ஆனால் இடமிருத்தல் வேறு, விதி இருத்தல் வேறு. விதியுள்ள நாட்டில் நான்காம் முறைக்குமுன் கம்பெனியாரே கவலைகொள்வர். விதியில்லாத நாட்டிற் பத்தாம் முறையும் வண்டியைக் கழுவித் தருவர்.

இதனிடையே வண்டி வாங்கியோர் செய்யக்கூடியவை சில உள. எங்கள் குடும்பம் தாமதித்துக் கற்றவற்றையே எழுதுகின்றேன். பட்டறையில் எழுதும் ஜாப் கார்டில் நம் முறையீடு நம் சொற்களிலேயே இருக்கவேண்டும். ‘ஓடும்போது எஞ்சின் நின்றது’ என்று நாம் சொன்னதை, ‘பொதுச் சோதனை’ என்று எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கிவிடுகின்றனர். பெரியப்பாவின் முதல் மூன்று கார்டுகள் அத்தகையன. இன்று அவை எதிர்க்கட்சியாருக்கே பயன்படுகின்றன. அடுத்து, வாயாற் சொன்னது காற்றோடு போகும். விற்றவருக்கும் செய்தவருக்கும் கடிதமோ மின்னஞ்சலோ எழுதி, நகல் வைத்திருத்தல் நலம். முறையீடு செய்யும்போதும் இருவரையும் சேர்த்தல் வேண்டும். இன்றேல் ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்புவர். வழக்குக்கு மூலமான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் முறையிடவேண்டும். அதுவும் வண்டி விற்ற நகரத்துக்குப் போகவேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே தொடரலாமென்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரியதொரு வசதி. கொடுத்த விலை ஐம்பது இலட்சம் வரையில் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து இலட்சம் வரை கட்டணம் இல்லை; அதன்மேல் பத்து இலட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமன்று. 1915 என்னும் எண்ணில் அழைத்து முதலில் ஆலோசனையும் கேட்கலாம்.

வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்போரைப்பற்றியும் ஒரு சொல். வாணிக நோக்கத்துக்கு வாங்கிய பொருள் இச்சட்டத்துக்குப் புறம்பு. ஆனால் சுயதொழிலாய்த் தன் பிழைப்புக்கே வாங்கித் தானே பயன்படுத்துபவன் நுகர்வோனே என்று சட்டம் விளக்கியிருக்கின்றது. நம் கல்லூரி வாயிலில் நிற்கும் கார் ஓட்டிகளிற் பலர் இதனை அறியார். நின்றுபோன வண்டியால் பெரியப்பாவுக்கு அலைச்சல். அவர்களுக்கோ அன்றாடச் சோறு. மாதத் தவணை வண்டி நின்றதென்று நிற்பதில்லை.

இவ்வளவும் எழுதியபின் காலதாமதத்தை எழுதாமல் விடுதல் நேர்மையன்று. எதிர்க்கட்சியாருக்கு அறிவிப்புச் சென்றதிலிருந்து மூன்று மாதத்துக்குள், பொருளைச் சோதிக்கவேண்டி வரின் ஐந்து மாதத்துக்குள், முறையீட்டைத் தீர்க்க முயலவேண்டுமென்று சட்டம் எழுதி வைத்திருக்கின்றது. பெரியப்பா 2025 ஆகஸ்டில் முறையிட்டார். ஐந்து மாதம் கடந்தது. நான்கு வாய்தாக்கள் ஆயின. ஒன்றில் கம்பெனியின் வக்கீல் வரவில்லை. ஒன்றில் விற்றவரின் வக்கீல் வரவில்லை. ஒன்றில் ஆணையம் கூடவில்லை. மற்றொன்றில் வண்டியைச் சோதிக்க நிபுணரை அமர்த்துவதுபற்றிப் பேச்சு நடந்தது. இடையில் கம்பெனியார் சமாதானம் பேசினர்: வழக்கைத் திரும்பப் பெற்றால் வாரண்டியை மேலும் இரண்டாண்டு நீட்டித் தருவார்களாம். பட்டறைக்குச் செல்லும் உரிமை அதனால் இரண்டாண்டு நீளும் என்று சொல்லிப் பெரியப்பா மறுத்துவிட்டார். அவர் வாழ்நாளிற் சொன்ன ஒரே சிலேடை அதுவாகவே இருக்கும்.

வண்டி இப்பொழுது வேப்பமரத்தடியில் உறை மூடி நிற்கின்றது. நிபுணர் வந்து பார்க்கும்வரை அதனைத் தொடாதிருப்பதே நலமென்று வக்கீல் சொல்லியிருக்கின்றார். செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலை ஐந்தரை மணிப் பேருந்தில் பெரியம்மாவை அழைத்துச் செல்கின்றார்கள். திரும்பும்போது அவரால் நிற்க முடியாதாகையால் ஆட்டோ. மாதந்தோறும் ஐந்தாம் தேதி வங்கி தன் தவணையைத் தவறாது எடுத்துக்கொள்கின்றது. நீள நோட்டில் இப்பொழுது பேருந்துக் கட்டணமும் ஆட்டோக் கட்டணமும் எழுதப்பட்டு வருகின்றன. கடந்த விடுமுறையில் அதன் பக்கங்களை எண்ணிப் பார்த்தேன், எஞ்சியிருப்பவை பதினொன்று. வரும்போது கடையிலிருந்து புதியதொன்று வாங்கி வரும்படி பெரியப்பா சொல்லியிருக்கின்றார்.